எல்இடி டவுன்லைட்டும் பழைய டிம்மரும்: மங்கவும் மாட்டேன், அணையவும் மாட்டேன் என்கிறது

கேட்டவர்: ஊஞ்சல்கூடம்

வணக்கம். எங்கள் வீடு கும்பகோணத்தில், தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. கூடத்து நடுவில் ஊஞ்சல். அதற்கு மேலே 1994இல் அப்பா வாங்கி மாட்டிய ஆறு கிளைச் சரவிளக்கு இருந்தது. கிளைக்கு ஒன்றாக, மெழுகுவத்தி வடிவத்தில் 40 வாட் குண்டு பல்பு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க, சுவரில் திருகுகிற டிம்மர். சாயங்காலம் சாமிக்கு விளக்கேற்றியதும் அம்மா அந்தத் திருகை முக்கால்வாசி இறக்கிவிடுவார். கூடம் முழுக்க நெய்விளக்கு ஏற்றியது போல மஞ்சளாகிவிடும். அப்பா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அந்தத் திருகை மட்டும் அம்மா யாரையும் மாற்ற விட்டதில்லை.

போன தை மாதம் மராமத்து வேலை பார்த்தோம். கூரை உத்தரத்துக்குக் கீழே ஜிப்சம் போர்டு அடித்து, அதில் புதைத்து வைக்கிற ஆறு டவுன்லைட் போட்டோம். ஒவ்வொன்றும் 7 வாட், நிறம் 6500 கெல்வின், அதாவது பளீர் வெள்ளை. அம்மாவுக்காக டிம்மரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம். டிம்மரோடு வேலை செய்யுமா என்று கடையில் கேட்டேன். எல்லாம் செய்யும் என்றார்கள்.

இப்போது நிலைமை இது. திருகை முழுசாக வைத்தால் சரியாக எரிகிறது. பாதிக்குக் கீழே இறக்கினால் மினுக்க ஆரம்பிக்கிறது. இன்னும் இறக்கினால் இரண்டு விளக்கு அணைந்துபோகிறது, மீதி நான்கு எரிகிறது. டிம்மரிலிருந்து வண்டு முரல்வது போல ஒரு சத்தம். டிம்மருக்குப் பக்கத்தில், அணைத்தால் எரிகிற சிவப்பு இண்டிகேட்டர் வைத்த சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்த பிறகும் நடுராத்திரியில் பார்த்தால் இரண்டு விளக்கு மின்மினி மாதிரி தெரிகிறது.

இதைவிட என்னைக் குடைவது வேறு. அம்மாவுக்கு 74 வயது. ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, இன்னொன்றில் புரை இருக்கிறது. ஊஞ்சலில் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்க்கும்போது "வெளிச்சமே போதலைடா" என்கிறார். அதே வாயால், "மேல பாத்தா கண்ணைக் குத்துது" என்கிறார். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? எங்கள் எலக்ட்ரீஷியன் டிம்மரைக் கழற்றிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. டிம்மரை மாற்றுவதா, விளக்கை மாற்றுவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: டெல்டா_செந்தில்

டிம்மரை எடுத்துவிட்டு ஃபேன் ரெகுலேட்டர் போட்டுப் பாருங்கள். ஐந்து ஸ்டெப் இருக்கும். செலவு கம்மி. நான் போட்டதில்லை, ஆனால் வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

பதில்: பாலக்கரை ஒயர்மேன்

செந்தில் தம்பி, நல்ல எண்ணத்தில் சொன்னீர்கள், ஆனால் அதைச் செய்ய வேண்டாம். ஸ்டெப் ரெகுலேட்டருக்குள் இருப்பது கெப்பாசிட்டர். ஃபேன் மோட்டாருக்கு என்றே கணக்குப் போட்டு வைத்தது. எல்இடி விளக்குக்குள் டிரைவர் என்று ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. வருகிற கரண்ட் கொஞ்சம் முன்பின் ஆனாலும் எல்இடிக்குப் போகும் அளவு மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. நீங்கள் ரெகுலேட்டரைக் குறைக்கக் குறைக்க அது ஈடுகட்டப் பார்க்கும், முடியாத இடத்தில் துடிக்கும். விளக்கு மங்குவதற்குள் டிரைவர் போய்விடும்.

கும்பகோணத்து நண்பரே, திருச்சியில் 26 வருடமாக ஒயரிங் வேலை பார்க்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி பழைய திருகு டிம்மர் நூற்றுக்கு மேல் பிரித்திருப்பேன். உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. திருகோடு சேர்ந்த ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், அரிசி பருமனில் டிபி3 என்கிற டயாக், கரண்டுக்குக் கதவு மாதிரித் திறந்து மூடுகிற, மூன்று கால் வைத்த டிரையாக், அதில் பெரும்பாலும் பிடி136 என்று அச்சடித்திருக்கும். அப்புறம் செம்புக் கம்பி சுற்றிய ஒரு சுருள். நீங்கள் கேட்கிற வண்டுச் சத்தம் அந்தச் சுருளில் இருந்துதான்.

டிம்மர் என்றால் வோல்டேஜைக் குழாய் போலத் திறந்து மூடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 அரை அலை. ஒவ்வொரு அரை அலையிலும் முன்பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் டிரையாக் விடுகிறது. திருகை இறக்க இறக்க வெட்டு பெரிதாகிறது. நொடிக்கு 100 தடவை விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. குண்டு பல்பின் இழை அந்த இடைவெளிக்குள் ஆறாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. எல்இடிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இன்னொரு சங்கதி. டிரையாக்கை ஒரு தடவை திறந்துவிட்டால், அது திறந்தே இருப்பதற்குச் சில மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா போட்ட ஆறு குண்டு பல்பும் சேர்த்து 240 வாட். ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. டிரையாக்குக்கு அது வயிறு நிறையச் சாப்பாடு. இப்போது நீங்கள் மாட்டியிருப்பது மொத்தமே 42 வாட். அதிலும் டிரைவர் கரண்டை ஒரே சீராக இழுப்பதில்லை, அலையின் உச்சியில் ஒரு மடக்கு குடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். கரண்ட் விழுந்ததும் டிரையாக் மூடிக்கொள்கிறது, திரும்பத் திறக்கிறது, திரும்ப மூடுகிறது. அதுதான் மினுக்கல். ஆறு டிரைவரும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. அதனால் இரண்டு முதலில் படுத்துக்கொள்கிறது.

அணைத்த பிறகு தெரிகிற மின்மினிக்குக் காரணம் அந்தச் சிவப்பு இண்டிகேட்டர். அது எரிவதற்கான துளிக் கரண்ட் உங்கள் விளக்கு வழியாகத்தான் திரும்புகிறது. குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. எல்இடி டிரைவர் அந்தத் துளியைச் சேர்த்துவைத்துப் பளிச்சென்று காட்டும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் ஒன்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் பேஸை (கரண்ட் வருகிற ஒயரை) வெட்டாமல் நியூட்ரலை (திரும்பிப் போகிற ஒயரை) வெட்டுகிற மாதிரி யாராவது மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அப்படியிருந்தால் விளக்கை அணைத்தாலும் ஹோல்டரில் பேஸ் நிற்கும். அதுவும் எல்இடியை மங்கலாக எரிய வைக்கும். ஆனால் அங்கே பிரச்சினை மங்கல் வெளிச்சம் அல்ல, பல்பு மாற்றக் கை வைப்பவரின் உயிர். எம்சிபியை (மெயின் போர்டில் இருக்கிற டிரிப் சுவிட்சை) இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

ஆக, இரண்டையும் மாற்ற வேண்டும். விளக்கு டிம்மபிள் டிரைவர் வைத்ததாக இருக்கட்டும், பெட்டியில் அப்படியே எழுதியிருக்க வேண்டும். டிம்மர் எல்இடிக்கென்றே வருவதாக, டிரெய்லிங் எட்ஜ் வகையாக இருக்கட்டும். அது அலையின் முன்பகுதியை விட்டுவிட்டுப் பின்பகுதியை வெட்டும். டிரைவருக்கு ஒவ்வொரு முறையும் அடி விழாமல் கரண்ட் மெதுவாக ஏறும். சத்தமும் இருக்காது. பழைய டிம்மரில் 400 வாட் என்று எழுதியிருந்தால் எல்இடிக்கும் 400 வாட் என்று நினைக்க வேண்டாம். நான் பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் எடுப்பேன்.

ஆறு விளக்கையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். இரண்டு விளக்கு, ஒரு டிம்மர் வாங்கி மேஜை மேல் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். முழுசிலிருந்து அடி வரைக்கும் மெதுவாக இறக்குங்கள். அப்புறம் வெளிச்சத்துக்குக் கீழே ஒரு பென்சிலை வேகமாக இப்படி அப்படி ஆட்டிப் பாருங்கள். பென்சில் ஒரே தீற்றலாகத் தெரிந்தால் நல்ல டிரைவர். விசிறி மடிப்பு மாதிரி ஐந்தாறு பென்சிலாகத் தெரிந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண்ணுக்கு நேராகத் தெரியாத மினுக்கல் அது. தலைவலி உள்ளவர்களை அது படுத்தும்.

இப்போது அம்மாவின் விஷயம். அவர் சொன்ன இரண்டும் உண்மை. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

வெளிச்சத்தை லூமன் என்று அளப்பார்கள். 40 வாட் மெழுகுவத்தி பல்பு 400 லூமன் பக்கம் வரும். ஆறுக்கும் சேர்த்து 2,400. உங்கள் 7 வாட் டவுன்லைட் ஒன்று 600 லூமன் பக்கம் வரும், ஆறு சேர்ந்தால் 3,600. கணக்குப்படி வெளிச்சம் ஒன்றரை மடங்கு கூடியிருக்கிறது. ஆனால் சரவிளக்கு நாலு பக்கமும் வாரி இறைத்தது. சுவர், கூரை, தூண், எதிரே நிற்பவர் முகம் எல்லாம் வெளிச்சம் வாங்கின. டவுன்லைட் நேராகத் தரையில் கொட்டுகிறது. சுவரும் கூரையும் இருட்டு. கண் ஒரு அறையின் வெளிச்சத்தைச் சுவரை வைத்துத்தான் எடைபோடும். தரை எவ்வளவு பளபளத்தாலும் சுவர் கறுத்திருந்தால் அறை இருட்டுதான். அம்மாவின் தலையே பஞ்சாங்கத்தின் மேல் நிழலாகவும் விழுகிறது. ஊஞ்சலுக்கு நேர் மேலே விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கும்.

இன்னொரு பக்கம், வயதான கண். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதுக்காரருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். கண் பாப்பா சுருங்கிவிடும், லென்ஸ் பழுப்பேறிவிடும். அதனால் அவருக்கு நம்மைவிட அதிக வெளிச்சம் வேண்டும். ஆனால் புரை இருக்கிற கண்ணில் வெளிச்சம் சிதறும், அழுக்குப் படிந்த கண்ணாடி வழியாக எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட்டைப் பார்ப்பது போல. கூரையில் கைக்கட்டை விரல் அளவு புள்ளியிலிருந்து 600 லூமன் வந்தால் குத்தத்தான் செய்யும். வெளிச்சம் கூட வேண்டும், அது வருகிற இடம் கண்ணில் படக்கூடாது. மருத்துவமனைகளில்கூட இதைக் கவனிப்பதில்லையே என்பது எனக்குள்ள பெரிய வருத்தம்.

ஊஞ்சலுக்கு மேலே இருக்கிற இரண்டையும் கழற்றி, அந்த ஓட்டையை மூடுங்கள். மீதி நான்கை சுவர்ப்பக்கம் தள்ளி, சுவரைக் கழுவுவது போல விழ வையுங்கள். எல்இடி உள்ளே ஆழமாகப் புதைந்திருக்கிற மாடல் வாங்குங்கள், நேர்கீழே நின்று அண்ணாந்தால் ஒழிய தெரியாது. நிறம் 2700 அல்லது 3000 கெல்வின். கூடத்துக்கு 6500 வேண்டவே வேண்டாம். பஞ்சாங்கத்துக்கு என்று ஊஞ்சல் பக்கத்தில் தனி விளக்கு, அதற்குத் தனி சுவிட்ச். ஜிப்சம் போர்டுக்கு மேலே டிரைவருக்குக் காற்று கிடைக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சோ அட்டையோ போட்டு மூடினால் டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் காய்ந்துவிடும். பெரும்பாலும் எல்இடி பியூஸ் போவதில்லை, அதன் டிரைவர்தான் போகும்.

பதில்: குரொய்டன்வாசி

ஒயர்மேன் அண்ணா சொன்னது அப்படியே சரி. நான் லண்டனில் குரொய்டனில் இருக்கிறேன். இங்கே பெரும்பாலான வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வராது, இரண்டு ஒயர் டிம்மர்தான் போட முடியும். நம் ஊர் போர்டில் பிளக் பாயிண்ட்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் அநேகமாக உள்ளேயே இருக்கும். அது கேட்கிற டிம்மர் கிடைத்தால் அதையே வாங்குங்கள், குறைந்த வெளிச்சத்திலும் ஆடாமல் நிற்கும்.

ஒன்று சேர்க்கிறேன். நல்ல டிம்மர்களில் திருகைப் பிடுங்கினால் உள்ளே ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருப்புகிற சின்னத் திருகாணி இருக்கும். அடிமட்ட வெளிச்சம் எவ்வளவு என்பதை அதில் வைக்கலாம். நான் அதைத் தொடாமல் விட்டதால் ஆறு மாதம் விளக்கு அடியில் துடித்துக்கொண்டே இருந்தது. பழுது என்றே நினைத்தேன். அரைத் திருப்பு ஏற்றினேன், நின்றுவிட்டது.

இந்த டிம்மருக்கு வயது அதிகம் இல்லை. வீட்டுச் சுவர்ப் பெட்டிக்குள் அடங்குகிற டிம்மரை ஜோயல் ஸ்பைரா நியூயார்க்கில் 1959இல் செய்து காட்டினார், 1961இல் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு முன்னால் பெரும்பாலும் ரியோஸ்டாட்தான், மிச்ச மின்சாரத்தையெல்லாம் சூடாக்கித் தள்ளும், நாடக அரங்குகளில் பெரிய பெரிய பெட்டியாக இருக்கும். அவர் கணக்குப் போட்டதெல்லாம் குண்டு பல்புக்கு.

பதில்: ராஜி_மதுரை

ஊஞ்சல்கூடம் அண்ணா, கூடத்தைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் ராத்திரியைப் பற்றிச் சொல்கிறேன். என் மாமியாருக்கு 78. போன ஆனி மாதம் ராத்திரி இரண்டரை மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவர், ரேழியில் லைட் சுவிட்சைத் தட்டினார். 20 வாட் பேட்டன் லைட் பளீரென்று எரிந்ததும் கண் கூசி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கால் படியில் தடுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தார். இருட்டில் விழவில்லை, வெளிச்சத்தில் விழுந்தார். அதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை. அந்த லைட்டை அங்கே போடச் சொன்னது நான்தான்.

இப்போது கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூன்று சின்ன விளக்கு. அரை வாட் இருக்கும் ஒவ்வொன்றும், மஞ்சள் நிறம். வெளிச்சம் தரையில் மட்டும் விழும், விளக்கு அவர் கண்ணில் படாது. விடிய விடிய எரியட்டும் என்று விட்டுவிட்டேன். முன்பு ராத்திரிக்குப் போடுவோமே ஜீரோ வாட் பல்பு, அது 15 வாட் வரை இழுக்கும் என்று எங்கள் வீட்டு எலக்ட்ரீஷியன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதில் பத்தில் ஒரு பங்கு செலவில் இந்த மூன்றும் எரிகிறது. தயவு செய்து அம்மாவுக்கு இதையும் செய்யுங்கள்.

கேட்டவர்: ஊஞ்சல்கூடம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஒயர்மேன் அண்ணே, எனக்கு 46, தம்பி என்றே கூப்பிடுங்கள்.

நீங்கள் சொன்ன இடத்தில் சரியாக இரண்டு விளக்கு இருந்தது, ஊஞ்சல் பலகைக்கு நேர் மேலே. கழற்றிவிட்டோம். சுவிட்ச் போர்டைத் திறந்தபோது நீங்கள் பயந்ததும் இருந்தது. கூடத்து விளக்குக்கு நியூட்ரலைத்தான் வெட்டிக்கொண்டிருந்தது அந்த சுவிட்ச். எத்தனை வருடமாகவோ தெரியாது. அப்பா ஸ்டூல் போட்டு ஏறி எத்தனை பல்பு மாற்றியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன், அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாற்றியாகிவிட்டது. இண்டிகேட்டரையும் எடுத்துவிட்டோம், மின்மினி போய்விட்டது.

பென்சில் சோதனை செய்தோம். முதலில் வாங்கிய ஜோடியில் ஐந்து பென்சில் தெரிந்தது, திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது வாங்கியதில் தீற்றலாகத்தான் வந்தது. 2700 கெல்வின், நான்கு விளக்கு, வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் வழிகிறது. நியூட்ரல் கேட்கிற டிம்மரே கிடைத்தது, அதன் திருகாணியையும் குரொய்டன் நண்பர் சொன்னபடி வைத்தாயிற்று. ஊஞ்சல் பக்கத்துத் தூணில் பித்தளை மூடி போட்ட ஒரு பிராக்கெட் லைட், அம்மாவின் இடது தோளுக்குப் பின்னால். ராஜி, ரேழியில் இரண்டு, கொல்லைப்பக்க நடையில் ஒன்று போட்டுவிட்டேன். உங்கள் மாமியார் கை தேறியிருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே கடைக்குப் போய்விட்டேன்.

பழைய டிம்மரின் வெளித்திருகை எலக்ட்ரீஷியன் தூக்கிப்போடப் பார்த்தார். வெள்ளைப் பிளாஸ்டிக், ஓரத்தில் அப்பாவின் விரல் பட்டுப் பட்டு மழுங்கிய இடம் இருக்கிறது. புது டிம்மரின் தண்டு அதே ஆறு மில்லிமீட்டர். அந்தத் திருகு அப்படியே உட்கார்ந்துகொண்டது.

ஒரு குறை மட்டும் அம்மா சொல்கிறார். "இறக்கினா முன்ன மாதிரி சிவந்து வரலையே" என்கிறார். வெளிச்சம் குறைகிறது, நிறம் அப்படியே இருக்கிறது. இதற்கு வழி உண்டா அண்ணே? அப்புறம் திருகை முழுசிலிருந்து பாதி வரைக்கும் இறக்கினால் பெரிதாக மாற்றமே தெரிவதில்லை, அது ஏன்?

பதில்: பாலக்கரை ஒயர்மேன்

தம்பி, நியூட்ரல் விஷயத்தைப் படித்ததும் எனக்கே கை நடுங்கியது. அடுப்பங்கரை, பின்கட்டு, மாடி எல்லா சுவிட்சையும் இதே வாரத்தில் பார்த்துவிடுங்கள். கூடத்தில் ஒருவர் அப்படிச் செய்திருந்தால் மற்ற இடத்திலும் செய்திருப்பார்.

பாதி வரை மாற்றம் தெரியாதது கண்ணின் சுபாவம். கருவி வைத்து அளந்து வெளிச்சத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் கண்ணுக்கு மூன்றில் ஒன்றாகத்தான் தெரியும். திருகில் கடைசிக் கால்வாசிதான் உங்களுக்கு நிஜமாகப் பயன்படும். அங்கே விளக்கு ஆடாமல் நிற்கிறதல்லவா, அது போதும்.

அம்மா கேட்பது நியாயமான கேள்வி. குண்டு பல்பில் கரண்ட் குறைந்தால் இழையின் சூடு குறையும், 2700 கெல்வினிலிருந்து 2000க்கும் கீழே இறங்கிச் செக்கச் சிவந்துவிடும். எல்இடியில் சூட்டுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் டிம் டு வார்ம் என்று ஒரு வகை வருகிறது. உள்ளே இரண்டு நிற எல்இடி இருக்கும், இறக்க இறக்க மஞ்சள் எல்இடி மட்டும் தங்கும். நான்கையும் மாற்ற வேண்டாம். தூணில் இருக்கிற பிராக்கெட்டுக்கும் ஒரு டிம்மர் கொடுத்து, அந்த ஒன்றில் மட்டும் இதை மாட்டிப் பாருங்கள். சாயங்காலம் சுவர் விளக்குகளை அணைத்துவிட்டு அதை மட்டும் அம்மாவே இறக்கட்டும். என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.